ஐக்கியம் என்னும் கூட்டுத்தொழில்

நாணயம் பல கை மாறி வழங்குங்கால் அதன் முத்திரை தேய்ந்துபோதல் போலச் சொற்களும் மிகுதியாய் வழங்குமிடத்துத் தம் பொருளை இழந்துவிடுகின்றன. நாணயம் தேய்ந்தால் கடைக்காரன் உடனே கண்டு திருப்பித் தருவான். சொல் தேய்ந்தாலோ அதனைக் கண்டு திருப்புவார் எவருமிலர். கிறிஸ்தவராகிய நம்மிடையே அங்ஙனம் தேய்ந்துபோன சொற்களுள் 'ஐக்கியம்' என்பதும் ஒன்று என்பது நமது துணிபு.

இக்காலத்தில் ஐக்கியம் என்றால் நாம் யாது பொருள் கொள்ளுகின்றோம்? வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையிற் கூடுகின்றோம். இரண்டு கீர்த்தனைகள் பாடுகின்றோம். ஒருவர் சிறு தியானம் சொல்லுகின்றார். ஜெபம் முடிந்தபின் தேநீர் அருந்தி, நண்பரோடு அளவளாவிக் கலைகின்றோம். 'இன்று ஐக்கியம் நன்றாயிருந்தது' என்று சொல்லிக்கொண்டு விடுதிக்குத் திரும்புகின்றோம். இவற்றுள் ஒன்றையேனும் நாம் இகழ்வோமல்லோம். சகோதரர் கூடியிருத்தல் இனிதே. ஆயினும் அது ஐக்கியத்தின் முழுமையோ, அன்றி அதன் வாயிற்படி மாத்திரமோ என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சி ஏட்டுப் படிப்பினால் எழுந்ததன்று, வெட்கத்தினால் எழுந்தது. நாங்கள் மாணாக்கராயிருந்த நாளில், எங்கள் ஜெபக்குழுவினர் மலைநாட்டுக் கிராமமொன்றில் ஊழியஞ்செய்யும் ஒருவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்புவதென்று தீர்மானித்தோம். தொகை தவறாமற் சென்றது. அவரிடமிருந்து மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு கடிதம் வரும். காரியதரிசி அதனைக் கோவையில் வைத்துவிட்டு, 'ஊழியரின் கடிதம் கிடைத்தது' என்று கூட்டத்தில் அறிவிப்பார், யாவரும் தலையசைப்போம். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அவர் எங்களூர் வழியாய்ச் செல்ல நேர்ந்து கூட்டத்துக்கு வந்தார். எங்களுள் ஒருவர் உபசாரமாக, 'பிள்ளைகள் சௌக்கியமா, ஐயா?' என்று வினவினார். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, தம் இளைய மகள் முந்தின ஆண்டிலே காய்ச்சலால் இறந்துபோனதையும், அதனைத் தாம் எழுதியிருந்ததையும் மெல்லச் சொன்னார். கோவையை எடுத்துப் பார்த்தோம். கடிதம் அங்கேயே இருந்தது. பணம் ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் அப்பிள்ளைக்காக அழுதவர் எங்களுள் ஒருவருமில்லை. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எங்கள் பாரம் சற்றுக் குறைந்திருக்கும்.

அன்றுமுதல் எங்களை விடாது தொடர்ந்த கேள்வி இது: நாங்கள் அம்மனிதரோடு ஐக்கியமுடையவர்களாயிருந்தோமா, அன்றி வெறுஞ் சந்தாதாரராயிருந்தோமா?

இனி அச்சொல்லின் பிறப்பை நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் மூலபாஷையாகிய கிரேக்கில் இதற்குரிய சொல் 'கொய்னோனியா' என்பதாம். 'பொது' என்று பொருள்படும் 'கொய்னோஸ்' என்பது அதன் அடி. நம் தமிழ் வேதாகமத்தில் இச்சொல் இடத்துக்கேற்பப் பல உருவங்கொள்ளுகின்றது. ஆதித்திருச்சபையாரின் நடையைக் கூறும் அப்போஸ்தலருடைய நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் அது 'அந்நியோந்நியம்' எனப்பட்டது. கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முடிவிலுள்ள ஆசீர்வாதத்தில் 'ஐக்கியம்' எனப்பட்டது. ஆனால் அவ்வடியிலிருந்தே பிறந்து, ஆளைக் குறிக்கும் ஒரு பெயர் லூக்கா சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் வருகின்றது. செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானும் சீமோனுக்கு 'கூட்டாளிகள்' என்று நமது மொழிபெயர்ப்பாளர் அதனைத் தமிழ்ப்படுத்தினர். ஐக்கியமும் கூட்டாளியும் ஒரு குடும்பத்துச் சொற்கள் என்பதை நாம் மறந்தோம். முந்தினது கோயிலுக்குரியதென்றும், பிந்தினது கடைவீதிக்குரியதென்றும் பிரித்துவைத்தோம். எழுதினவர்களோ பிரிக்கவில்லை.

அவ்வதிகாரத்திலுள்ள காட்சியைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். இராமுழுதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படாத வலையில் விடிந்தபின் மீன் நிறைகின்றது, வலை கிழிகின்றது. சீமோன் மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகின்றான். அவர்கள் கரையிலிருந்து கைதட்டி மகிழ்ந்தவர்களல்லர். 'ஆண்டவர் உன் வலையை ஆசீர்வதித்தார்' என்று கூவி வாழ்த்தி நின்றவர்களுமல்லர். படகைச் செலுத்திக்கொண்டு வந்து வலையைப் பிடித்தனர். இரண்டு படகும் நிரம்பி அமிழத்தக்க நிலையை அடைந்தன என்று சுவிசேஷகர் கூறுகின்றார். கூட்டாளித்தனத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுளது. உழைப்புப் பொது, ஆபத்துப் பொது, மீன்பாடும் பொது. நமது கடற்கரையூர்களில் படகுக்கு இன்ன பங்கு, வலைக்கு இன்ன பங்கு, உழைத்தவனுக்கு இன்ன பங்கு என்று பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். கடலுக்குப் போனவனும், வலை கொடுத்தவனும் ஒரே மீன்பாட்டுக்கு உரியவர்கள். இருவரில் எவனும் மற்றவனுக்குத் தர்மஞ் செய்யவில்லை.

இவ்விலக்கணத்துக்கு வேதத்தில் சிறந்த இலக்கியம் பிலிப்பி சபையாகும். அலெக்சாந்தரின் தந்தையாகிய பிலிப்பு அரசன் பெயரைத் தாங்கிய அந்நகர் மக்கெதோனியாவில் ரோமருடைய குடியேற்ற நகராயிருந்தது. கி.பி. 50-ஐ அடுத்த ஆண்டுகளில் பவுல் அங்கே வந்தார். ஆற்றங்கரையிலே ஜெபத்துக்குக் கூடிய பெண்களோடு பேசினார். தியத்தீரா ஊராளாகிய லீதியாள், இரத்தாம்பரம் விற்கிறவள், முதலில் இருதயந் திறந்தாள். அவள் செய்த முதற் காரியம் யாது? தன் வீட்டைத் திறந்ததேயாம். விசுவாசம் வந்த அன்றே ஊழியத்துக்கு ஒரு கூரையும் வந்துவிட்டது. பின்னர்ச் சிறைச்சாலைக்காரன் பவுலின் காயங்களைக் கழுவி, தன் வீட்டில் அவருக்குப் பந்தியிட்டான். ஆகவே பிலிப்பி சபை தோன்றிய வரலாறே திறந்த வீடுகளின் வரலாறாயிருக்கின்றது.

பவுல் அவ்வூரை விட்டுத் தெசலோனிக்கேக்குச் சென்றார். அங்கே அவர் இருந்த சில காலத்துக்குள்ளே பிலிப்பியர் ஒருமுறைக்கு மேல் உதவி அனுப்பினர். கொரிந்துவில் அவர் குறைவுபட்டபோதும் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரரே அக்குறைவை நிறைவாக்கினர். பிற்காலத்தில் அவர் விலங்கிடப்பட்டிருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் மீண்டும் அனுப்பினர். அக்காலத்துச் சிறையாளி பெரும்பாலும் வெளியிலுள்ளாருடைய உதவியைக்கொண்டே உண்டு உடுத்து உயிர்வாழ வேண்டியிருந்தமையால் அவ்வுதவி அலங்காரமன்று, அன்னமும் ஆடையுமாம்.

இதற்கு மறுமொழியாய் எழுந்ததே பிலிப்பியருக்கு எழுதின நிருபம். அதன் தொடக்கத்திலேயே, முதல்நாள்முதல் அவர்கள் சுவிசேஷத்தில் கொண்டிருந்த கொய்னோனியாவுக்காக அப்போஸ்தலர் தேவனை ஸ்தோத்திரிக்கின்றார். அதன் முடிவில், கொடுத்தலும் பெறுதலுமாகிய கணக்கில் அவர்களையன்றி வேறெந்தச் சபையும் தம்மோடு பங்குகொள்ளவில்லை என்று நன்றியோடு கூறுகின்றார். அவர் எடுத்தாண்ட சொற்கள் வியாபாரிகளின் கணக்கேட்டுச் சொற்களாம். தமக்கு எல்லாம் வந்து சேர்ந்தன என்று கூறுமிடத்தில் வரும் கிரேக்கச் சொல், அக்காலத்துப் பற்றுச்சீட்டுகளில் எழுதப்பட்டு வந்த சொல்லேயாம். ஆனால் அடுத்த வரியிலேயே அவ்வீகையைச் சுகந்த வாசனையான பலி என்று அழைக்கின்றார். கணக்கேடும் பலிபீடமும் ஒரே மூச்சில் வருகின்றன! பணத்தைப்பற்றிப் பேசினால் ஐக்கியத்தின் பரிசுத்தம் குறையும் என்று அஞ்சுகின்ற நம்மவர் இவ்விடத்தை ஊன்றிப் படிப்பாராக.

நமது நெஞ்சைச் சுடும் இடம் ஒன்று அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உளது. எப்பாப்பிரோதீத்து சென்ற இடத்திலே வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அவர் வியாதியாயிருந்த செய்தி பிலிப்பியருக்கு எட்டிற்று. அவர்கள் கேள்விப்பட்டதனால் எப்பாப்பிரோதீத்து வியாகுலப்பட்டார். ஆதலின் பவுல் அவரைத் திரும்ப அனுப்பினார். நிருபம் ரோமாபுரிச் சிறையிலிருந்து எழுதப்பட்டதென்பது பழைய கொள்கை. எபேசுவிலிருந்து எழுதப்பட்டதென்பாரும் உளர். எவ்வாறாயினும் இடையிலே கடல் கிடந்தது. பொதுமக்களுக்குத் தபால் என்பதொன்று இல்லை. அத்தகைய காலத்தில் ஒருவருடைய காய்ச்சலின் செய்தி கடல்கடந்து சென்று ஒரு சபையைக் கலங்கச்செய்து, அக்கலக்கத்தின் செய்தி நோயாளியை வந்தடைந்து அவரையும் கலங்கச்செய்தது. நொடிப்பொழுதில் செய்தி அனுப்பும் கருவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்ற நாமோ, ஒரு குழந்தையின் மரணத்தை ஓராண்டு கோவையில் உறங்கவிட்டோம். குறைவு கருவியிலன்று.

இங்கே ஒரு வினா எழலாம். பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவரன்றோ? கொரிந்தியரிடம் ஒன்றும் வாங்கமாட்டேன் என்று உறுதியாய் மறுத்தவரன்றோ? பிலிப்பியரிடம் மாத்திரம் வாங்கியது ஏன்? கொரிந்துவிலே செல்வர் ஈகையை ஏற்றால் அவர் கைப்பட்டவராக வேண்டியிருக்குமென்று அவர் அஞ்சினார் எனப் பல வேதபண்டிதர் கருதுகின்றனர். அவ்வுலகிலே கொடுத்தவன் புரவலன். வாங்கினவன் அவனுக்குப் பின்னால் நடக்கவேண்டியவன். பிலிப்பியரோ தாமும் கஷ்டப்பட்டு, அவர் உபத்திரவத்திலும் பங்குகொண்டு, பின்பு கொடுத்தனர். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே தம் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தன என்றும், முதலாவது தங்களையே கொடுத்தன என்றும் அவரே சாட்சி சொல்லுகின்றார். ஆகவே அப்போஸ்தலர் பணத்தின் அளவைப் பார்த்திலர். அதனோடு வந்த மனிதரைப் பார்த்தார். எசமானனிடமிருந்து வந்த பணத்தை மறுத்தார். கூட்டாளியிடமிருந்து வந்ததை ஏற்றார்.

பழங்கதையை விட்டுச் சமீப காலத்துக்கு வருவோம். 1792-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ம் தேதி இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டின் அறையிலே சில போதகர்கள் கூடி ஒரு மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தினர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அவர்களுள் ஒருவராகிய வில்லியம் கேரி அடுத்த ஆண்டில் வங்காளத்துக்குப் புறப்பட்டார். ஆழமான சுரங்கத்துள் ஒருவன் இறங்க, மேலே நிற்பவர் கயிற்றை விடாது பிடித்துக்கொள்ளுதல் வேண்டும் என்னும் உவமையால் ஆன்றூ புல்லர் அவ்வுடன்படிக்கையைப் பிற்காலத்தில் விளக்கினார். இறங்கினவர் கேரி, கயிற்றைப் பிடித்தவர்களுள் முதல்வர் புல்லர். அவர் 1815-ல் இறக்குமளவும் அச்சங்கத்தின் காரியதரிசியாயிருந்து ஊரூராய்ச் சென்று உதவி தேடினார். 1812-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சீராம்பூர் அச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. அச்செய்தி இங்கிலாந்தை எட்டியபின் சில வாரங்களுக்குள்ளே நஷ்டத்துக்கு ஈடான தொகை சேர்ந்துவிட்டது. கேரியின் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். புல்லரின் பெயரை நம்மில் அறிவார் சிலரே. கயிற்றைப் பிடித்த கைக்குப் பெயரெதற்கு? ஆனால் அக்கை தளர்ந்திருந்தால் இறங்கினவருக்கும் பெயரிராது.

நமது நாட்டில் இதற்கு நிகரான சான்று இல்லையோ எனின், உண்டு. திருநெல்வேலிச் சபை நூறாண்டுக்கு மேலாகப் பிறர் அனுப்பிய ஊழியராலும் பிறர் அனுப்பிய பொருளாலும் போஷிக்கப்பட்டது. அந்நாட்டிலே வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-ம் ஆண்டில் யாழ்ப்பாணஞ் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாமே பொருள் சேர்த்து, தம் ஊருக்கு வெளியே ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். கண்டவர் நாணினார், நாணத்தோடு நின்றாரல்லர். 1903-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் 12-ம் தேதி பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. அதன் ஊழியர் தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் நாட்டுக்குச் சென்று, அந்நிய பாஷையைக் கற்று, ஏழை மக்களிடையே உழைத்தனர். 1905-ம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று சீராம்பூரிலே தேசீய மிஷனெரி சங்கமும் நிறுவப்பட்டது. இந்தியரே ஊழியராகி, இந்தியப் பொருளைக்கொண்டு, இந்தியர் நிர்வாகத்தில் நடத்துவதென்பது அதன் கொள்கை.

இவற்றுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? பெருஞ்செல்வரிடமிருந்து மாத்திரமன்று. நம் தாய்மார் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு பானையில் இட்டுவைக்கும் வழக்கத்தை அறியாதார் தென்னாட்டுக் கிறிஸ்தவருள் யார்? அப்பிடியரிசி வாரந்தோறும் கோயிலுக்கு வந்தது. பனையேறி கருப்புக்கட்டியைக் கொணர்ந்தான். உழவன் முதற்பலனைக் கொணர்ந்தான். ஒரு முட்டையும் ஒரு வாழைக்குலையும் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலத்துக்கு வந்தன. மிசோ மலைநாட்டுச் சபைகளிலும் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் இன்றளவும் நடைபெறுகின்றது. இவ்வழக்கத்தின் பெருமை அரிசியின் அளவிலில்லை. நாள்தோறும் அடுப்படியிலே, குடும்பத்தின் பசிக்கு நடுவே, காணாத ஓர் ஊழியனுடைய பசி நினைக்கப்படுகின்றதன்றோ? அதிலேயே அதன் பெருமை. அத்தாய் எழுதப்படிக்கத் தெரியாதவளாயிருக்கலாம். ஆயினும் கொய்னோனியா என்பதன் பொருளை அவள் கை அறிந்திருந்தது.

ஐக்கியம் கொடுத்தலோடு முடிவதில்லை என்பதையும் அசரியாவின் வாழ்க்கையே காட்டுகின்றது. 1909-ல் அவர் தம் உத்தியோகத்தை விட்டுத் தாமே தோர்ணக்கலுக்கு ஊழியராய்ச் சென்றார். 1910-ம் ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்த அச்சபையில் ஆசிய நாட்டார் இருபதின்மர் அளவே இருந்தனர். அங்கே அவர் எழுந்து, மேனாட்டு மிஷனெரிமார் தம் பொருளையும் சரீரத்தையும் ஈந்ததற்காக நன்றி கூறி, அதன்பின் தமக்கு வேண்டுவது அவர்களுடைய அன்பும் நட்புமே என்று வெளிப்படையாய்ச் சொன்னார். கேட்டவர் பலர் திடுக்கிட்டனர். எல்லாவற்றையும் கொடுத்தும், சமமாய் அருகில் உட்காரவைக்கவில்லை என்பதே அவர் சொல்லிய குறை. 1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ம் தேதி அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல்முறை. 1945-ல் இறக்குமளவும் தம் ஏழைச் சபைகளுக்குக் கொடுக்கக் கற்பித்து வந்தார். கிறிஸ்தவ ஈகையைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். வாங்குகிறவன் கொடுக்கக் கற்கும்பொழுதே தலைநிமிர்கின்றான் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அவர் எடின்பரோவில் மேனாட்டாரை நோக்கிக் கேட்டதை இன்று யாரேனும் நம்மை நோக்கிக் கேட்டால் நாம் யாது மறுமொழி சொல்வோம்? நமது நகரத்துச் சபைகளிலிருந்து கிராமத்து ஊழியருக்குப் பணஞ் செல்லுகின்றது. அவர் நம் ஊருக்கு வந்தால் எங்கே உட்காருகின்றார்? நாம் அவர் ஊருக்குப் போனால் அவர் வீட்டிலே சாப்பிடுகின்றோமா, அன்றி 'நேரமில்லை' என்று சொல்லி வண்டியிலே கொண்டுபோன சோற்றை வழியில் உண்ணுகின்றோமா? கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எருசலேமிலே யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கு ஐக்கியத்தின் அடையாளமாக வலதுகை கொடுத்தனர். அந்தியோகியாவிலே அந்தக் கேபாவே புறஜாதியாரோடு உண்ட பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். கை கொடுத்தவர் பந்தியில் விலகினார்! பவுல் முகமுகமாய் எதிர்த்து நின்றது அதற்காகவே. ஜாதியைக் கோயில் வாசலில் விட்டதாகச் சொல்லி, அடுப்படியில் மறுபடியும் எடுத்துக்கொள்ளுகிற வழக்கம் நம்மிடையே ஒழிந்துவிட்டதென்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்லக்கூடியவர் சிலரே. பந்தியில் விலகுகிறவன் அனுப்பும் பணம் எவ்வளவாயினும் அது ஐக்கியமாகாது.

இனி நமது கொள்கைக்குச் சொல்லப்படும் தடைகள் சிலவற்றை நோக்குவோம்.

'நாங்கள் ஜெபிக்கின்றோம், அதுவே போதும்' என்பார் உளர். ஜெபத்தினும் மேலான உதவியில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் யாருக்காக, எதற்காக என்பதை அறியாத ஜெபம் முகவரியில்லாத கடிதம் போல்வது. பெயரும் ஊரும் நோவும் அறிந்து ஜெபிக்கின்றவன், விரைவிலோ தாமதித்தோ தன் பையிலும் கைவைப்பான். வைக்காவிடில் அவன் ஜெபத்தை அவனே சோதித்துக்கொள்ளுதல் நலம்.

'மாணாக்கரிடம் பணமேது?' என்பார் உளர். மக்கெதோனியரிடமும் இல்லை, பிடியரிசி எடுத்த தாயிடமும் இல்லை. வாரத்துக்கொரு தேநீரை விடுத்தால் சேர்வது சிறு தொகையே. அதனால் ஊழியர் குடும்பம் முழுவதும் பிழைக்குமென்று நாம் சொல்லவில்லை. அதனால் நம் வாரத்தில் ஒரு வேளையேனும் அவர் பொருட்டுக் குறைவுபடும் என்பதே நாம் சொல்லுவது.

'கொடுத்த பணம் சரியாய்ச் செலவாகின்றதென்று எப்படி அறிவது?' என்பார் உளர். இது நேர்மையான கேள்வி. இதனைக் கேட்பவரை அவிசுவாசி என்று ஒதுக்குவது தவறு. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடு சபைகள் நியமித்த சகோதரரையும் கூட்டி, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமன்றி மனுஷருக்கு முன்பாகவும் குற்றச்சாட்டுக்கு இடமிராதபடி ஏற்பாடு செய்தார். கூட்டுத்தொழிலில் கணக்குக் காட்டுதல் சந்தேகத்தின் அடையாளமன்று. பங்காளிக்குச் செய்யும் மரியாதையாம். ஆனால் அம்மரியாதை இருவழியாயிருத்தல் வேண்டும். ஊழியர் செலவுக்குக் கணக்குக் கேட்கிற சபை, தான் வாக்களித்துச் செலுத்தாது விட்ட தொகைக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுளது.

ஊழியருக்கும் நாம் ஒரு வார்த்தை தாழ்மையாய்ச் சொல்லத் துணிகின்றோம். நற்செய்திகளை மாத்திரம் எழுதி, தோல்வியையும் சோர்வையும் மறைக்கும் கடிதங்கள் உதவி செய்வாரை மகிழ்விக்கலாம், கூட்டாளிகளை உண்டாக்கமாட்டா. வலை கிழிகின்றதென்று சீமோன் சைகை காட்டினபடியால் அன்றோ மற்றப் படகு வந்தது? கிழிந்த வலையை மறைத்திருந்தால் அவன் தனியே அமிழ்ந்திருப்பான். அவ்வாறு வெளிப்படையாய் எழுதினால் உதவி நின்றுவிடுமோ என்று அவர் அஞ்சுவாராயின், அக்குற்றம் பெரிதும் நம்முடையதே.

நமது கலாசாலைச் சகோதர சகோதரிகளுக்கு நாம் முன்வைக்கும் யோசனைகள் சிலவே, அவை எளியவை. ஒவ்வொரு ஜெபக்குழுவும் ஓர் ஊழியரைப் பெயரறிந்து தனக்குக் கூட்டாளியாக ஏற்றுக்கொள்க. அவர் கடிதம் வந்த வாரத்தில் அது முதற் பாட்டுக்கு முன்பாகவே முழுவதும் உரக்க வாசிக்கப்படுக. ஏழு நாளுக்குள் மறுமொழி எழுதப்படுக. காணிக்கை சிறிதாயினும் மாதந் தவறாது செல்லுக. அதன் வரவு செலவு யாவர்க்கும் வாசித்துக் காட்டப்படுக. விடுமுறையில் இருவர் அல்லது மூவர் அவ்வூருக்குச் சென்று, அவர் வீட்டிலே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அங்குள்ள பள்ளிப்பிள்ளைகளுக்குத் தம்மாலான பாடத்தைக் கற்பித்து வருக. சென்றவர் கொடுத்ததைமாத்திரம் வந்து சொல்லாமல், பெற்றதையும் சொல்லுக. ஏனெனில் கொடுத்தலும் பெறுதலுமாகிய கணக்கில் இரண்டு பக்கங்கள் உண்டு. பவுல் பிலிப்பியரின் ஈகையை நாடினவரல்லர். அவர்கள் கணக்கிலே ஏறும் பலனையே நாடினார். அவர்கள் ஏட்டில் ஒரு பக்கம் பொன்னும் வெள்ளியுமாயிருந்தால், மறுபக்கம் இருபது நூற்றாண்டாய் உலகம் வாசித்துவரும் ஒரு நிருபமாயிருக்கின்றது. அவ்வியாபாரத்தில் நஷ்டமடைந்தவர் யார்?

நம்மிற் பெரும்பாலார் மலைநாட்டுக்கும் தூரதேசத்துக்கும் ஊழியராய்ச் செல்லப்போகிறதில்லை. ஆசிரியராயும், வைத்தியராயும், அலுவலகங்களில் உத்தியோகஸ்தராயும் வாழ்வோம். அதனால் நாம் குறைந்தவர்களல்லோம். மற்றப் படகிலிருந்தவர்களும் மீன்பிடிக்கிறவர்களே. ஆனால் அவர்கள் சைகையைக் கண்டார்கள். கண்டவுடன் துடுப்பை எடுத்தார்கள். நாம் கவலைகொள்ள வேண்டுவது நமது படகு சிறிதென்பதைப்பற்றியன்று. நம் கண்கள் அத்திசையை நோக்கியிருக்கின்றனவா என்பதைப்பற்றியேயாம்.

எங்கள் பழைய கோவையிலிருந்த அக்கடிதத்தை நாங்கள் பின்பு பலமுறை வாசித்தோம். அது ஒரு பக்கமே. மழை பெய்ததும், ஜெபவீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றியதும் எழுதியபின், பிள்ளையின் மரணம் இரண்டே வரியில் இருந்தது. அதன் கீழே, உங்கள் ஜெபத்துக்காக நன்றி என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். நாங்கள் செய்யாத ஜெபத்துக்கு அவர் நன்றி செலுத்தியிருந்தார். அவர் எங்களைக் கூட்டாளிகள் என்று நம்பியிருந்தார். அந்நம்பிக்கைக்குத் தக்கவர்களாய் இனியேனும் நடந்துகொள்ளும்படி, ஐக்கியத்தின் ஆவியானவர் நம் யாவரையும் ஏவுவாராக.